துப்புரவு நாளா, தரம் பிரிப்பா, உரத்தொட்டியா: ஒரு தெரு எதில் தொடங்கலாம்?

தம் தெரு தூய்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஐந்தாறு பேர் ஒன்றுசேர்ந்துவிட்டால், அடுத்து அவர்கள் முன் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கையில் இருப்பது வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமும் அக்கம்பக்கத்தாரின் கொஞ்சம் நல்லெண்ணமும். இவற்றை எதில் செலவிடுவது? எல்லாரையும் கூட்டி ஒரு நாள் தெருவைப் பெருக்கி அள்ளுவதா, மறுசுழற்சிப் பொருள்களுக்குப் பொதுவாக ஒரு சேகரிப்பு மையம் வைப்பதா, வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்குவதா, உரத்தொட்டி அமைப்பதா, அல்லது குப்பை உண்டாவதையே குறைப்பதா? எல்லாமே நல்ல காரியங்கள் என்பதால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினமாகிறது. ஐந்தையும் ஒரே மூச்சில் தொடங்கி மூன்றாம் மாதத்தில் ஐந்தையும் கைவிட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வேர்பிடித்த பிறகே அடுத்ததைத் தொட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையினராக இருக்க விரும்புவோருக்காகவே இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களை முடிவுசெய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் கூட்டத்தில் உரக்கப் பேசுபவரின் விருப்பமே முடிவாகிவிடும். எனக்கு ஐந்து அளவுகோல்கள் போதுமானவையாகப் படுகின்றன.

முதலாவது, பொருள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். பிரித்து வைத்த ஒவ்வொரு குவியலையும் யார் எடுத்துச் செல்கிறார், அது எங்கே என்னவாகிறது என்பதற்குத் தெளிவான விடை இருக்க வேண்டும். விடை இல்லாத குவியல் எத்தனை அழகாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், இறுதியில் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.

இரண்டாவது, ஆறாம் மாதத்து உழைப்பு. முதல் வாரத்தில் எல்லாரும் வருவார்கள். மழை பெய்யும் ஒரு சாதாரண வாரநாளில், ஆர்வம் அடங்கிய பிறகு, அந்த வேலையை யார் செய்வார் என்பதுதான் உண்மையான கேள்வி.

மூன்றாவது, தவறைத் தாங்கும் தன்மை. நூறு வீடுகளில் பத்து வீடுகள் சரியாகப் பிரிக்காவிட்டால், சில முறைகளில் அந்தப் பத்து வீட்டுப் பொருள் மட்டும் வீணாகும். வேறு சில முறைகளில் நூறு வீட்டுப் பொருளும் வீணாகும்.

நான்காவது, அந்தக் குப்பையைக் கடைசியில் தொடும் கை யாருடையது என்பது. நம் கண்ணுக்குத் தெரு தூய்மையாகி, தூய்மைப் பணியாளரின் வேலை இன்னும் அருவருப்பானதாகவும் ஆபத்தானதாகவும் ஆகுமானால், நாம் குப்பையை இடம் மாற்றியிருக்கிறோமே தவிர அகற்றவில்லை.

ஐந்தாவது, கண்ணில் படும் மாற்றம். இதை மேலோட்டமானது என்று சிலர் ஒதுக்குவார்கள்; நான் ஒதுக்கமாட்டேன். தன் தெருவைப் பற்றிய பெருமை இல்லாத இடத்தில் எந்த ஏற்பாடும் நிலைப்பதில்லை, அந்தப் பெருமை பிறப்பதற்குக் கண் முன்னே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு முன்வேலையும் உண்டு. பத்து வீடுகளிடம் அனுமதி பெற்று, அவர்களின் ஒரு நாள் குப்பையை ஒரு தார்ப்பாயில் கொட்டி, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வகை வகையாகப் பிரித்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்தான் மலைபோல் தெரியும். ஆனால் தராசு வேறு கதை சொல்லும். உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2016-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 201 கோடி டன் நகர்ப்புறத் திடக்கழிவு உண்டானது; அதில் உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும் சேர்ந்து 44 விழுக்காடு, தாளும் அட்டையும் 17 விழுக்காடு, பிளாஸ்டிக் 12 விழுக்காடு. அதாவது, நம் கண்ணை உறுத்துவது ஒன்று, வண்டியை நிரப்புவது வேறொன்று. நாற்றம், ஈ, கசியும் கருநீர், பையைக் கிழிக்கும் விலங்குகள் ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஈரக் குப்பைதான். நல்ல தாளையும் அட்டையையும் நனைத்து விற்க முடியாமல் கெடுப்பதும் அதுவே. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, இது ஈரக் குப்பையை என்ன செய்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

## கூட்டுத் துப்புரவு நாள்

தொடங்குவதற்கு மிக எளிய வழி இதுதான். ஒரு விடுமுறை நாள் காலை, துடைப்பம், மண்வெட்டி, சாக்குப்பை, முப்பது பேர் இருந்தால் போதும். இதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எஸ்தோனியாவில் 2008 மே 3-ஆம் நாள் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டு, காடுகளிலும் சாலையோரங்களிலும் கிடந்த சுமார் 10,000 டன் குப்பையை ஐந்து மணி நேரத்தில் அகற்றினார்கள். தன்னார்வலர்கள் இடங்களை முன்கூட்டியே படமெடுத்து வரைபடத்தில் குறித்து வைத்திருந்ததுதான் அந்த வேகத்தின் இரகசியம். அன்று தொடங்கியதே பின்னாளில் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் உலகத் துப்புரவு நாளாக வளர்ந்தது.

தூய்மையான இடம் தூய்மையாகவே இருக்க முனையும் என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், ஒரு சந்தில் நிறுத்தப்பட்டிருந்த மிதிவண்டிகளின் கைப்பிடியில் துண்டறிக்கைகளைக் கட்டிவிட்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சுவர் தூய்மையாக இருந்தபோது 33 விழுக்காட்டினர் அந்தத் தாளைத் தரையில் போட்டார்கள். அதே சுவரில் கண்டபடி கிறுக்கல்கள் இருந்தபோது 69 விழுக்காட்டினர் போட்டார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது இதுதான்: குப்பை போடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதில், நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் இடத்தின் நிலைக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இந்த வழியின் மறைவான செலவுகள் அன்று மாலையிலிருந்துதான் தெரியத் தொடங்கும். கட்டி வைத்த நாற்பது சாக்குகளை யார் எடுப்பார்? முன்கூட்டியே வண்டிக்கு ஏற்பாடு செய்யாவிட்டால், அவை தெருமுனையில் ஒரு வாரம் கிடந்து, வாய் பிளந்து, முன்பைவிட மோசமான குவியலாகிவிடும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளுவதால் மறுசுழற்சிக்கு உரியதும் வீணாகும். உடைந்த கண்ணாடி, ஊசி போன்றவற்றால் கை கிழிபடும் ஆபத்தும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது: குப்பை போடுகிறவர் ஒருவர், அள்ளுகிறவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டை அது சத்தமில்லாமல் உறுதிப்படுத்திவிடக்கூடும்.

நெடுநாள் குப்பை கொட்டப்பட்ட ஒரு மூலையைத் தூய்மை செய்த பிறகு நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் அள்ளி முடித்து, தண்ணீர் தெளித்து, கோலமிட்டு, எல்லை கட்டி, இரண்டு பூந்தொட்டிகளும் வைத்தாயிற்று. மறுநாள் விடியலில் அங்கே ஒரே ஒரு பை இருந்தது. முடிச்சிட்ட, கைப்பிடி அளவுள்ள சிறிய பை. அன்று அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாலைக்குள் அதன் பக்கத்தில் ஏழு பைகள் சேர்ந்துவிட்டன. அடுத்த முறை அதே மூலையைத் தூய்மை செய்தபோது, முதல் பையை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதற்கென்றே மூன்று வாரங்களுக்கு ஆள் முறை வைத்தோம். அந்த மூலை மீண்டது. துப்புரவு நாள் என்றால் அந்த மூன்று வாரங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பல ஆண்டுகளாகச் சேர்ந்த குவியல் இருக்கும் இடங்களுக்கும், வெள்ளத்துக்கோ புயலுக்கோ பிறகும், ஒருவரையொருவர் அறியாத குடியிருப்பில் முதல் அறிமுகத்துக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அன்றாடம் புதிதாகக் குப்பை விழும் தெருவுக்கு மட்டும் இது மருந்தாகாது.

## பொதுச் சேகரிப்பு மையம்

மக்களே தம் பொருள்களைக் கொண்டுவந்து வகைக்கொரு தொட்டியில் போடும் ஏற்பாடு இது. இதன் உச்ச எடுத்துக்காட்டு ஜப்பானின் கமிகட்சு. 1,500-க்கும் குறைவானோர் வாழும் அந்த மலைச்சிற்றூர் 2003-இல் குப்பையற்ற ஊராகத் தன்னை ஆக்கிக்கொள்வதாக அறிவித்தது. அங்கே குப்பை வண்டி வீட்டுக்கு வருவதில்லை. மக்களே மையத்துக்கு எடுத்துச் சென்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள். உண்டாகும் கழிவில் ஏறத்தாழ 80 விழுக்காடு மறுசுழற்சிக்குச் செல்கிறது. ஒவ்வொரு தொட்டியின் மேலும் அந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாகிறது, அதனால் ஊருக்கு வரவா செலவா என்பது எழுதப்பட்டிருக்கும். நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

அந்த ஊரைப் பார்த்து உற்சாகம் கொள்வதற்கு முன், அங்கே தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆளில்லாத மையத்தின் கதையே வேறு. அப்படி ஒரு மையத்தின் தாள் தொட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பிரித்தேன். மேலே நல்ல செய்தித்தாள். நடுவில் மூடி திறந்த குளிர்பானப் புட்டி ஒன்று. அதிலிருந்து வழிந்த சர்க்கரை நீரில் அடியில் இருந்த தாள்கள் எல்லாம் ஒட்டிப் பாளமாகி, எறும்பு மொய்த்துக்கிடந்தன. அரைக் குவளை அளவுகூட இல்லாத அந்தத் திரவம் பதினைந்து கிலோ தாளை விலையற்றதாக்கியிருந்தது. தவறைத் தாங்கும் தன்மை இந்த வழியில் மிகக் குறைவு. உலகச் சந்தையும் இதில் இரக்கம் காட்டுவதில்லை: சீனா 2018-இல் 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடைசெய்து, மற்றவற்றில் பலவற்றுக்கு 0.5 விழுக்காட்டுக்கு மேல் கலப்பு கூடாது என்று விதித்தபோது, அதுவரை பிரித்தனுப்பியதாக நம்பிக்கொண்டிருந்த பல நகரங்களின் பொருள்கள் தேங்கிப்போயின.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருந்தாலே அது மறுசுழற்சிக்குரியது என்று பலரும் நம்புகிறார்கள். 1988-இல் அறிமுகமான அந்தக் குறி, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை வாங்கி உருக்க ஆள் உண்டா என்பதைச் சொல்வதில்லை. தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பயன்படும் 1-ஆம் எண்ணுக்கும், சலவைத் திரவப் புட்டிகளுக்குப் பயன்படும் 2-ஆம் எண்ணுக்கும் பெரும்பாலும் வாங்குவோர் உண்டு; அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டிய தின்பண்ட உறைகளுக்கு அநேகமாக இல்லை. 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவு முழுவதிலும் மறுசுழற்சி செய்யப்பட்டது சுமார் 9 விழுக்காடுதான் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே வாங்குபவரிடம் முதலில் பேசி, அவர் எடுத்துக்கொள்ளும் வகைகளுக்கு மட்டுமே தொட்டி வையுங்கள். மூன்று தொட்டிகள் வைத்து மூன்றும் உண்மையில் மறுசுழற்சிக்குப் போவது, பத்துத் தொட்டிகள் வைத்து ஏழு கிடங்குக்குப் போவதைவிட மேல்.

மற்ற மறைவான செலவுகள்: கூரை, பூட்டு, நிரம்பும் முன் காலி செய்ய வண்டி, தொட்டிக்கு வெளியே குவியும் உடைந்த நாற்காலிகளும் மெத்தைகளும். லித்தியம் மின்கலங்கள் தாளோடு கலந்தால் நசுங்கித் தீப்பற்றக்கூடும் என்பதால் அவற்றுக்குத் தனி மூடிய பெட்டி கட்டாயம்.

வீடுகள் சிதறிக் கிடந்து வண்டி நுழைய முடியாத இடங்களில் இதுவே நடைமுறைக்கு உகந்தது. மற்ற இடங்களில், அன்றாடம் சேராத பொருள்களான கண்ணாடி, மின்கழிவு, மின்கலம், பழந்துணி ஆகியவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது. ஈரக் குப்பையை இது தொடுவதே இல்லை.

## வீட்டுவாசலில் தரம் பிரித்துப் பெறுதல்

நெருக்கமான குடியிருப்புகளுக்கு இதுவே முதுகெலும்பு. தைவானில் குப்பை தரையைத் தொடக்கூடாது என்பதே கொள்கையாக இருக்கிறது: குறித்த நேரத்தில் இசை எழுப்பியபடி வண்டி வரும், மக்கள் பையோடு இறங்கி வந்து நேரே வண்டியில் போடுவார்கள். தெருமுனைத் தொட்டி என்ற ஒன்று இல்லாததால், அதைச் சுற்றிச் சிதறுவதும் இல்லை. தென் கொரியா 1995-இல் பையின் கொள்ளளவுக்கேற்பக் கட்டணம் கொண்டுவந்தது, 2005-இல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பதைத் தடைசெய்தது, 2013-இல் உணவுக் கழிவுக்கும் அளவுக்கேற்பக் கட்டணம் விதித்தது. இந்த இரு நாடுகளும் அறிவுரையை மட்டும் நம்பியிருக்கவில்லை; பிரிப்பது எளிதாகவும் பிரிக்காமல் இருப்பது சிரமமாகவும் இருக்கும்படி ஏற்பாட்டை அமைத்தன.

ஒரு தெருக்குழுவுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரம் இல்லை. அதனிடம் இருப்பது பேச்சு மட்டும்தான். ஆனால் வாசலில் நின்று முகம் பார்த்துப் பேசும் பேச்சு அது. இந்த வழியின் தனிச்சிறப்பும் அதுதான்: தவறு நடக்கும் இடத்திலேயே, தவறு செய்தவர் முன்னிலையிலேயே, கோபமில்லாமல் திருத்த முடிகிறது. ‘அம்மா, இதுல ஈரம் கலந்திருக்கு, நாளைக்குப் பிரிச்சுக் குடுங்க’ என்று சேகரிப்பவர் சொல்லிப் பையைத் திருப்பித் தரும் உரிமையை அந்தத் தெரு அவருக்கு வெளிப்படையாக வழங்கியிருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் அவரே வண்டியோரம் உட்கார்ந்து வெறுங்கையால் பிரிக்க நேர்கிறது. நான்காம் அளவுகோலில் அந்தத் தெரு தோற்றுவிடுகிறது.

சின்னச் சின்ன விஷயங்களே இங்கே பெரிது. திரவம் அடைத்து வரும் பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டும்போது, அந்தத் துணுக்கு முழுதும் அறுந்து விழாமல் பையோடு ஒட்டியிருக்குமாறு விட்டால், பை ஒரே துண்டாக மறுசுழற்சிக்குப் போகும். அறுந்து விழுந்த நகக்கண் அளவுத் துணுக்கோ சாம்பலோடும் தூசியோடும் கலந்து, பெருக்கப்பட்டு, வடிகாலில் போய்ச் சேரும். எந்த இயந்திரமும் அதைத் திரும்பப் பிடிக்காது. பையைத் திறந்து, அலசி, கவிழ்த்து உலர்த்த அரை நிமிடம் ஆகும். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி மேலே எழுதி வைப்பதும், அணையாடை, மாதவிடாய் அணையாடை போன்றவற்றைத் தனியே சுற்றி அடையாளமிட்டுக் கொடுப்பதும், வாங்குபவரின் கையை நினைத்துச் செய்யும் செயல்கள்.

மறைவான செலவுகளில் முதலிடம் நம்பிக்கைக்குத்தான். மூன்று வாரம் கவனமாகப் பிரித்துக் கொடுத்த ஒருவர், தன் இரண்டு வாளிகளும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை மாடியிலிருந்து பார்த்துவிட்டால், அதன் பிறகு எந்தப் பிரசாரமும் அவரை மீட்காது. ஆகவே வண்டியில் தடுப்பு இருக்கிறதா, உலர்ந்ததும் ஈரமானதும் வெவ்வேறு நாள்களில் எடுக்கப்படுகின்றனவா என்பதை உறுதிசெய்யாமல் வீடுகளிடம் போகக் கூடாது. ஏற்கெனவே அந்தப் பகுதியில் பழைய பொருள் சேகரித்துப் பிழைப்பவர்கள் இருப்பார்கள். புதிய ஏற்பாடு அவர்களின் வருமானத்தைப் பறிப்பதும் ஒரு செலவே. புணேயில் குப்பை சேகரிப்போரே உறுப்பினர்களாக உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு, வீடு வீடாகச் சேகரிக்கும் பொறுப்பை மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஏற்றது, அவர்களை விலக்காமலும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

## உரமாக்கல்: வீட்டிலா, பொதுவிலா

ஈரக் குப்பையைத் தெருவைவிட்டு வெளியே அனுப்பாமலே முடித்துவிடும் ஒரே வழி இது. கிடங்கில் காற்றில்லாமல் புதையும் உணவுக் கழிவு மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. அதே கழிவு காற்றோட்டத்தோடு மக்கினால் பருமனில் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, மண்வாசனையுள்ள உரமாகிறது. சேகரிக்கும் வண்டிக்குச் சுமை குறைகிறது. எஞ்சிய உலர் குப்பை நாறாததால் வாரம் ஒருமுறை எடுத்தாலே போதும் என்றாகிறது.

உரத்தொட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் அறியாமையல்ல, காய்ந்த இலைத் தட்டுப்பாடு. நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு, பருமன் கணக்கில், காய்ந்த சருகோ மரத்தூளோ கிழித்த அட்டையோ சேர்க்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூக்கைச் சுள்ளென்று தாக்கும் நெடி வந்தால் நைட்ரஜன் மிகுதி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதாமை. இந்த இரண்டு நாற்றங்களையும் வேறுபடுத்தத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அந்தத் தெருவின் தொட்டி தோற்காது.

வீட்டுத் தொட்டிக்கு இடம் குறைவாகப் போதும், தவறு அந்த வீட்டோடு நிற்கும், பொறுப்பு யாருடையது என்ற குழப்பமும் இல்லை. ஆனால் சிறிய தொட்டி போதிய சூடேறாது. ஆகவே எலும்பு, இறைச்சி, எண்ணெய் மிகுந்த மிச்சம் ஆகியவற்றை அது தாங்குவதில்லை. இரண்டு வாரம் வெளியூர் போனால் உலர்ந்துவிடும். பொதுத் தொட்டி ஒரு கனமீட்டர் அளவுக்குக் குவிந்தால் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, நோய்க்கிருமிகளையும் களைவிதைகளையும் பெருமளவு அழிக்கும். நிறைய வீடுகளின் கழிவை விரைவாகவும் முடிக்கும். அதற்கு விலையாக நாள்தோறும் ஒருவர் வேண்டும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும், முற்றியதைச் சலிக்க வேண்டும், பக்கத்து வீட்டாரின் முதல் புகாருக்கு அன்றே பதில் சொல்ல வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விடப்பட்ட பொதுத் தொட்டி எதுவும் பிழைத்து நான் கண்டதில்லை. ஊதியம் பெறும் ஒருவரோ, பெயர் எழுதி ஒட்டிய முறைப்பட்டியலோ இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மக்கும் என்று அச்சிடப்பட்ட பிளாஸ்டிக் பைகளில் பல, 60 பாகையை ஒட்டிய சூடு நீடிக்கும் பெரிய ஆலைகளுக்கானவை; வீட்டுத் தொட்டியில் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடைத் துண்டுச்சீட்டுகளில் பயன்படும் வெப்பத்தாளில் வேதிப்பூச்சு உண்டு என்பதால் அதை உரத்திலோ பழைய தாளிலோ சேர்க்கக் கூடாது.

## உண்டாவதையே குறைத்தல்

அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகும். தாளின் இழைகளோ ஐந்து முதல் ஏழு முறைக்குப் பின் குட்டையாகிப் பயனற்றுப்போகும். எந்த மறுசுழற்சிக்கும் ஒரு செலவு உண்டு. உண்டாகாத குப்பைக்கு மட்டுமே அது கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டீன் போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடம், கெட்டுப்போன பொருளோடு வருபவரையும் பழுதுபார்க்கத் தெரிந்தவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. இன்று அதே முறை பல நாடுகளில் நடக்கிறது. ஒரு தெரு செய்யக்கூடியவை இன்னும் எளியவை: கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் பொதுவாக நூறு தட்டும் நூறு குவளையும், ஏணி, துளைக்கருவி போன்றவற்றை இரவல் தரும் ஓர் அலமாரி, சிறுத்துப்போன குழந்தைத் துணிகளுக்கு ஒரு கைமாற்று நாள்.

கழுவுவது, எண்ணி வாங்குவது, வைக்க இடம் ஆகியவை இதன் செலவுகள். பெரிய குறை, பலன் கண்ணுக்குத் தெரியாது என்பதே. விழாவுக்கு மறுநாள் நிரம்பாமல் இருக்கும் ஐந்து சாக்குகளை யாரும் படமெடுப்பதில்லை. எனவே முதல் முயற்சியாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே ஒருவரையொருவர் நம்பும் தெருவில் இது தானாகவே வளரும்.

## ஒரே பார்வையில்

| | துப்புரவு நாள் | சேகரிப்பு மையம் | வாசலில் தரம் பிரிப்பு | உரமாக்கல் | குறைத்தல் |
|---|---|---|---|---|---|
| கடைசி இடம் | பெரும்பாலும் கிடங்கு | வாங்குவோரைப் பொறுத்தது | வண்டியின் தடுப்பைப் பொறுத்தது | தெருவின் மண்ணிலேயே | குப்பையே இல்லை |
| ஆறாம் மாதத்து உழைப்பு | குறைவு, ஆனால் மீண்டும் மீண்டும் | காலி செய்தல், காவல் | நாள்தோறும், பலரிடம் பகிர்ந்து | நாள்தோறும், ஒருவரிடம் | அவ்வப்போது |
| தவறைத் தாங்குதல் | தாங்கும் | மிகக் குறைவு | வாசலிலேயே திருத்தலாம் | வீட்டில் அதிகம், பொதுவில் நடுத்தரம் | தாங்கும் |
| ஈரக் குப்பை | தீர்வதில்லை | தொடுவதில்லை | பிரிகிறது, இடம் மாறுகிறது | தீர்கிறது | ஓரளவு குறையும் |
| கண்ணில் படும் மாற்றம் | அன்றே | மெதுவாக | ஓரிரு மாதத்தில் | நாற்றம் நிற்கும்போது | அரிது |
| பொருந்தும் இடம் | பழைய குவியல், பேரிடருக்குப் பின் | சிதறிய வீடுகள், அரிய பொருள்கள் | நெருக்கமான குடியிருப்பு | சருகும் சிறிது நிலமும் உள்ள இடம் | பழகிய அக்கம்பக்கம் |

## எந்தச் சூழலுக்கு எது

வாசலுக்கு வண்டி வருகிறது, ஆனால் எல்லாம் கலந்தே போகிறது என்றால், தரம் பிரிப்பில் தொடங்குங்கள். அதிலும் ஈரம், உலர் என்ற இரண்டே வகையில் தொடங்குங்கள். நான்கைந்து நிற வாளிகள் முதல் நாளில் அழகாகத் தெரியும். இரண்டாம் மாதத்தில் குழப்பும். வண்டியே வருவதில்லை, வீட்டைச் சுற்றி மண் இருக்கிறது என்றால் வீட்டு உரத்தொட்டியே முதல் அடி; அதன் பிறகு எஞ்சும் உலர் குப்பைக்குச் சேகரிப்பு மையம் ஒன்று போதும். மாடிக் குடியிருப்பில் ஊதியம் பெறும் தோட்டப் பணியாளர் இருந்தால் பொது உரத்தொட்டி பொருந்தும். தெருமுனையில் பழைய குவியல் ஒன்று எல்லாரையும் சோர்வடையச் செய்துகொண்டிருந்தால், வேறு எதற்கும் முன் துப்புரவு நாள் வையுங்கள். ஆனால் அதன் நாளைக் குறிப்பதற்கு முன், மறுநாள் காலையிலிருந்து அந்த வீடுகளின் ஈரக் குப்பை எங்கே போகும் என்பதை முடிவுசெய்துவிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், பெரும்பாலான தெருக்களுக்கு நான் ஈரக் குப்பையிலிருந்தே தொடங்கச் சொல்வேன், அது உரத்தொட்டியாக இருந்தாலும் வாசலில் தனி வாளியாக இருந்தாலும். அது ஒன்று விலகிவிட்டால் மற்ற நான்கும் எளிதாகின்றன: சேகரிப்பு மையத்தில் தாள் நனைவதில்லை, தெருமுனையில் ஈ மொய்ப்பதில்லை, உலர் பையைக் கையில் எடுக்க யாரும் முகம் சுளிப்பதில்லை.

தொடக்கத்தில் நிறுத்துப் பார்த்த அதே பத்து வீடுகளின் குப்பையை, மூன்று மாதம் கழித்து, அதே கிழமையில், அதே தராசில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கலந்து கிடக்கும் குப்பையின் எடை பாதியாவது குறைந்திருந்தால் அடுத்த வழியைத் தொடங்கலாம். அந்த இரண்டு எண்களையும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கலாம். குறையவில்லையென்றால் புதிதாக எதையும் சேர்க்காமல், எந்த வீட்டில் எந்தப் பொருளில் தடுமாற்றம் என்று போய்க் கேளுங்கள். பெரும்பாலும், வாளி வைக்க இடமில்லை, வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆளில்லை, சருகு தீர்ந்துவிட்டது என்பது போன்ற, ஒரே நாளில் சரிசெய்யக்கூடிய காரணங்களையே சொல்வார்கள்.